பற்றரியும் காந்தமும் எங்கிருந்து வருகின்றன? வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சோலர், லித்தியம், சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு ஆகியவை பற்றியவை. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறோம்.

கே: லித்தியம் பற்றரிக்கு ஒரு விலை சொல்லி முற்பணம் வாங்குகிறோம். சாமான் வந்து சேர முன்னமே கொழும்பு மொத்த வியாபாரி வேறு விலை சொல்கிறார். டொலர் அசையாத மாதத்திலும் இது நடக்கிறதே, ஏன்?
— சோலர் கடைக்காரர், திருநெல்வேலி

ப: சின்ன வெங்காயம் செய்கிற ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள்! விலை ஏறின வருடம் எல்லாரும் வெங்காயம் நடுவார்கள். அடுத்த போகத்தில் சந்தை நிறைந்து, கிண்டின கூலிக்கும் காணாது. லித்தியத்திலும் அதே கூத்துத்தான். ஒரு வித்தியாசம்: வெங்காயம் இரண்டரை மாதத்தில் வந்துவிடும், சுரங்கம் திறக்க வருடங்கள் செல்லும். அதனால் ஏற்றமும் இறக்கமும் பெரிது.

கணக்காகப் பார்ப்போம். இப்போது வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் லித்தியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி. அதில் ஒரு யூனிற் மின்சாரத்தைச் சேமிக்க அண்ணளவாக 0.6 கிலோ லித்தியம் காபனேற்று வேண்டும். உங்கள் கடையில் விற்கும் 5 யூனிற் பெட்டிக்கு 3 கிலோ. 2022 நவம்பரில் சீனச் சந்தையில் ஒரு தொன் காபனேற்று ஏறத்தாழ 6 இலட்சம் யுவான். அந்த 3 கிலோ அப்போது 1,800 யுவான். 2025 நடுப்பகுதியில் தொன் 60 ஆயிரத்துக்கு இறங்கியது. அதே 3 கிலோ 180 யுவான். பெட்டியில் மற்றதெல்லாம், செம்புத் தகடு, அலுமினியம், காரீயம் (ஈயமல்ல, பென்சிலில் உள்ள கிராபைட்), கூலி, இப்படிக் குதிப்பதில்லை.

சரி, யார் குதிக்க வைக்கிறார்கள்? பீஜிங் ஒரு பொத்தானை அழுத்துகிறது என்று நினைத்தால் பாதிதான் சரி. ஜியாங்சி மாகாணத்தில் யிச்சுன் என்றொரு நகரம். அங்கேயுள்ள லித்தியம் லெபிடோலைட் என்ற மைக்கா வகைக் கல்லில் இருக்கிறது. கல் ஏழைக் கல். லித்தியம் ஒட்சைட்டு 0.4 வீதமளவில்தான். அதிலும் முப்பது வீதம் ஆலையில் தவறிப்போகிறது என்று வைத்தால், உங்கள் 5 யூனிற் பெட்டி ஒன்றுக்கு 400 கிலோவுக்கு மேல் கல் உடைக்கவேண்டும். மிச்சக் கல்தூளை எங்கே கொட்டுவது என்பது அந்த ஊரின் தலையிடி. தூளைச் சல்பேற்று உப்புகளோடு கலந்து 900 பாகை அளவில் வறுத்து, நீரில் கரைத்து, சலவைச் சோடாவால் வீழ்படிவாக்குவார்கள். கல்லிலுள்ள புளோரீனும் தாலியமும் அந்த வறுவலோடு வெளிக்கிடும்.

விலை உச்சியிலிருந்தபோது உள்ளூர் நிர்வாகம் கண்டும் காணாமல் இருந்தது. வரி வருகிறது, வேலை வருகிறது. பல சுரங்கங்கள் ‘பீங்கான் கல்’ எடுப்பதாகக் கடதாசியில் காட்டி உள்ளூர் மட்டத்திலேயே அனுமதி வாங்கி, லித்தியம் எடுத்தன. 2023 தொடக்கத்தில் பீஜிங்கிலிருந்து ஆட்கள் வந்து சோதித்தார்கள். 2025 ஜூலை 1 இல் திருத்திய கனிமவளச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. யிச்சுனில் எட்டுச் சுரங்கங்கள் இருப்பு அறிக்கையை மறுபடி எழுதித் தரும்படி கேட்கப்பட்டன. ஆகஸ்ட் 9 இல் சி.ஏ.ரி.எல். என்ற பெரிய பற்றரி நிறுவனத்தின் ஜியான்சியாவோ சுரங்க அனுமதி காலாவதியாகி வேலை நின்றது. அடுத்த நாட்களில் லித்தியம் விலை துள்ளியது. உங்கள் கொழும்பு வியாபாரி தொலைபேசியில் குரலை மாற்றியது இப்படியான ஒரு கிழமையில்தான் இருக்கும்.

மற்ற மாகாணங்களுக்கு வேறு வியாதிகள். சிச்சுவானில் சுத்திகரிப்பு ஆலைகள் நீர்மின்சாரத்தை நம்பியவை. 2022 ஆகஸ்டில் வறட்சி வந்து ஆறு வற்ற, தொழிற்சாலைகளுக்கு மின்சாரத்தை வெட்டினார்கள். ஆகஸ்ட் 15 இல் தொடங்கி பத்து நாளளவு லித்தியம் ஆலைகளும் முடங்கின. சிங்ஹாயில் உப்பு ஏரிகள். ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: உப்புப் படிந்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புநீர் முழுக்க மக்னீசியம். சிங்ஹாய் ஏரி நீரிலும் லித்தியம் ஒரு பங்கென்றால் மக்னீசியம் நூற்றுக்கணக்கான பங்கு. இரண்டும் குணத்தில் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி, பிரிப்பது பாடு. வெயிலில் காயவிட்டால் மட்டும் போதாது, லித்தியத்தை மட்டும் பிடித்துவைக்கும் உறிஞ்சிப் பொருள் நிரப்பிய தூண்களுக்குள்ளால் விடவேண்டும். குளிர்காலத்தில் உற்பத்தி படுத்துவிடும்.

ஆகவே நடைமுறையில்: விலைச்சீட்டில் செல்லுபடியாகும் நாளை ஏழுக்கு மேல் எழுதாதீர்கள். முற்பணம் வாங்கிய அன்றே சரக்கை உறுதிப்படுத்துங்கள். ஆறு மாதத்துக்குச் சேர்த்துவைத்து இலாபம் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். 2022 இறுதியில் சேர்த்தவர்கள் 2023 முழுக்க அதை விற்கமுடியாமல் இருந்தார்கள்.

கே: சோலர் பனலில் அருமண் மூலகங்கள் இருப்பதாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாமா?
— விஞ்ஞான ஆசிரியை, கொக்குவில்

ப: படிப்பிக்கவேண்டாம். கூரையில் வைக்கும் சிலிக்கன் பனலில் அருமண், அதாவது ‘ரேர் ஏர்த்’ எனும் உலோகக் கூட்டம், இல்லை. 550 வாட் பனல் ஒன்று 28 கிலோ அளவில் இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கண்ணாடி, அடுத்தது அலுமினியச் சட்டம். சிலிக்கன் 1.2 கிலோ அளவு. வெள்ளி வெறும் ஐந்தாறு கிராம், ஆனால் செலவில் அதன் பங்கு பெரிது. லித்தியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரியிலும் அருமண் கிடையாது. அருமண் இருப்பது நிலையான காந்தங்களில்: மின்வாகன மோட்டர், சில வகைக் காற்றாலைகள். பழைய பிரியஸ், அக்குவா ஹைபிரிட் கார்களின் நிக்கல் பற்றரியிலும் லந்தனம் உண்டு.

மணற்காட்டு மணலிலிருந்து பனல் செய்யலாமே என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஆலைகள் விரும்புவது தூள் மணலையல்ல, கட்டிக் குவார்ட்சை. அதைவிட முக்கியம் மின்சாரம். வில் உலையில் உருக்கிச் சிலிக்கன் எடுத்தபின், அதை வாயுவாக்கித் திரும்பப் படியவைத்துத் தூய்மையாக்க மட்டும் கிலோவுக்கு 60 யூனிற் அளவு போகிறது. ஒரு பனலுக்கு 72 யூனிற். யாழ்ப்பாண வெயிலில் அந்தப் பனல் நாளுக்கு 2.2 யூனிற் தரும். ஒரு மாதத்தில் அந்தக் கடன் தீரும். கண்ணாடி, சட்டம் எல்லாம் சேர்த்தால் ஒரு வருடம் அளவில்.

இந்த மின்பசிதான் ஆலைகள் எந்த மாகாணத்துக்குப் போவது என்று தீர்மானித்தது. முதலில் சின்ஜியாங், நிலக்கரி மின்சாரம் மலிவு. கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா இயற்றிய சட்டம் 2022 ஜூனில் அமுலுக்கு வந்து சின்ஜியாங் சரக்கை மறித்தது. புதிய ஆலைகள் உள் மொங்கோலியா, சிச்சுவான், யுனான், சிங்ஹாய் என்று பரவின.

கே: அருமண் எடுக்க மலைக்குள் உரம் ஊற்றுகிறார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?
— தோட்டக்காரர், புன்னாலைக்கட்டுவன்

ப: உண்மை. ஊற்றுவது அமோனியம் சல்பேற்று. நாங்கள் ஒரு காலத்தில் நெல்லுக்கும் புகையிலைக்கும் போட்ட அதே உப்பு.

சீனாவில் அருமண் இரண்டு விதம். வடக்கே உள் மொங்கோலியாவின் பயான் ஓபோவில் இரும்புத் தாதோடு சேர்ந்து வருவது இலேசான அருமண்: சீரியம், லந்தனம், நியோடைமியம். தெற்கே ஜியாங்சியின் கான்ஜோப் பக்கத்துச் சிவந்த களிமண் குன்றுகளில் இருப்பது கனமானவை: டிஸ்புரோசியம், டெர்பியம். உலகம் சண்டை பிடிப்பது இந்த இரண்டாவதுக்குத்தான். அந்தக் களிமண்ணில் அருமண் கல்லுக்குள் பூட்டிக் கிடக்கவில்லை. களித்துணிக்கைகளின் மேல் அயனாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து துளைகள் போட்டு அமோனியம் சல்பேற்றுக் கரைசலை விட்டால், அமோனியம் போய்க் களியில் ஒட்ட, அருமண் இடம்விட்டுக் கரைசலோடு கீழே இறங்கும். அடிவாரத்தில் வாய்க்கால் வெட்டிப் பிடித்து, தொட்டியில் வீழ்படிவாக்கி, சூளையில் சுடுவார்கள். ஒரு குழாயும் சில தொட்டிகளும் உள்ள எவனும் இரவோடிரவாகச் செய்யலாம். அதனால்தான் கள்ளத் தோண்டல் பெருகியது.

எங்கே பிழைக்கிறது? முதலாவது, கரைசல் முழுக்க வாய்க்காலுக்கு வராது. வெடிப்பு வழியே நிலத்தடி நீருக்குள் போய் அமோனியாவாகவும் நைத்திரேற்றாகவும் வருடக்கணக்கில் நிற்கும். சுண்ணக்கல்லுக்கு மேல் உரம் போட்டு, கீழே கிணற்றில் நைத்திரேற்று அள்ளுகிற எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டாவது, நீர் குடித்த களிமண் பாரம் கூடி, பிடி குறைந்து, சரிவோடு சரிந்துவிடும். மூன்றாவது, வேலை முடிந்தபின் மண் புளித்துப் போய் ஒன்றும் முளைக்காது. கான்ஜோவைத் துப்புரவாக்க 3,800 கோடி யுவான் செல்லும் என்று 2012 இல் சீன அரசு அதிகாரிகளே கணக்குச் சொன்னார்கள். மாகாணம் ஒரு வருடத்தில் அருமண்ணில் கண்ட இலாபம் அந்தக் கணக்குக்குக் கிட்டவும் வரவில்லை.

அதன்பின் உள்ளூர் உரிமங்கள் நெருக்கப்பட்டன. 2021 டிசம்பரில் பல நிறுவனங்களை ஒன்றாக்கிச் சீன அருமண் குழுமத்தை அமைத்து, தலைமையகத்தைக் கான்ஜோவிலேயே வைத்தார்கள். தோண்டல் எல்லை தாண்டி மியன்மாரின் கச்சின் மலைகளுக்குப் போனது. அங்கேயும் அதே துளை, அதே உப்பு, கேட்பதற்கு ஆளில்லை. பசுமை மின்சாரத்தின் கணக்கில் இந்தக் குன்றுகளை எழுதாமல் விடுவது நேர்மையல்ல என்பது எங்கள் கருத்து.

கே: மின் ஸ்கூட்டர் மோட்டர்களுக்குக் காந்தம் எடுப்பிக்கிறோம். முன்னர் மூன்று கிழமையில் வந்த ஓடர் இப்போது ‘அனுமதி வேண்டும்’ என்று நிற்கிறது. சில தரங்கள் வருகின்றன, சில வருவதில்லை. ஏன் இப்படி?
— மோட்டர் சுற்றுபவர், யாழ் நகர்

ப: 2025 ஏப்ரல் 4 இல் சீனா ஏழு அருமண் மூலகங்களை உரிமக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது: சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுட்டீசியம், ஸ்கண்டியம், இட்றியம். நியோடைமியம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே வெறும் நியோடைமியம் இரும்புப் போரன் காந்தம் வரும். அதற்குள் டிஸ்புரோசியமோ டெர்பியமோ கலந்திருந்தால் உரிமம் வேண்டும். எது கலந்தது என்று தரக்குறியைப் பார்த்தே ஊகிக்கலாம். எண்ணுக்குப் பின் எழுத்தில்லாத என் 35, என் 42 போன்றவை 80 பாகை வரை. எண்ணுக்குப் பின் எம் என்றால் 100, எச் என்றால் 120, எஸ்.எச். 150, யூ.எச். 180, ஈ.எச். 200. சூடு தாங்கும் தரம் ஏற ஏற, டிஸ்புரோசியம் கலந்திருக்கும் வாய்ப்பும் கூடும். உங்களிடம் நின்றுபோன ஓடர்கள் எஸ்.எச்.சுக்கு மேலானவையாக இருக்கும்.

உரிமம் கேட்பது சீன விற்பனையாளர். அவருக்கு நீங்கள் கொடுக்கவேண்டியது இறுதிப் பாவனைக் கடிதம்: எந்த மோட்டருக்கு, எத்தனை, யார் பாவிப்பது, இராணுவத் தேவை இல்லை என்ற உறுதி. பரிசீலனைக்குச் சட்டப்படி 45 வேலைநாள். இருபது காந்தத்துக்காக எந்த விற்பனையாளரும் இந்த அலுப்பை எடுக்கமாட்டார். நாலைந்து கடைகள் சேர்ந்து ஒரே அளவுக் காந்தத்தை ஒரே ஓடராகப் போட்டால் பேச்சுக்கு இடமுண்டு. சின்னக் கடைக்கு மட்டுமான துன்பம் என்று நினைக்கவேண்டாம். அந்த மே, ஜூனில் சுசுக்கி நிறுவனமே யப்பானில் சுவிஃப்ட் கார் உற்பத்தியைச் சில நாள் நிறுத்தியது.

தாமதம் தாங்காமல் என் 42 காந்தத்தை ஒட்டிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஓடும், கொஞ்ச நாளைக்கு. சில்லு மோட்டரின் வெளிக்கூட்டில் கைவைக்க முடியாத சூடு என்றால் அங்கே 60 பாகைக்கு மேல். உள்ளே அதைவிடக் கூடும். பங்குனி வெயிலில் இரண்டு பேரும் ஒரு மூட்டையும் ஏறினால் 80 ஐத் தாண்டுவது பெரிய காரியமல்ல. தாண்டியபின் காந்தம் இழந்த பலம் ஆறினாலும் திரும்பாது. கொன்ட்ரோலரில் அம்பியரைக் கூட்டிக் கொடுப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும்: சுருளின் எதிர்ப்புலம் சூடான காந்தத்தை அமத்திவிடும்.

பலமிழந்த காந்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. ஸ்கூட்டரை நடுத்தாங்கியில் விட்டு முழுத் திருகில் ஓடவிடுங்கள். காந்தம் பலமிழந்தால் சுமையில்லா வேகம் குறையாது, கூடும்! இழுவைதான் குறையும், ஏற்றத்தில் அம்பியர் கூடும். ‘வெறுமையாய் நல்லா ஓடுது, ஆள் ஏறினால் இழுக்குதில்லை’ என்று வாடிக்கையாளர் சொன்னால் சுருளை அவிழ்க்க முன் காந்தத்தைப் பாருங்கள். நல்ல மோட்டர் ஒன்றின் சுமையில்லா வேகத்தைக் குறித்து வைத்திருந்தால் ஒப்பிடலாம்.

மாற்றும்போது நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் வேர்ணியரால் அளந்து எழுதுங்கள். அரை மில்லிமீற்றர் தடித்தாலே ஸ்டேட்டரில் உரசும். 46 காந்தம் உள்ள மோட்டரென்றால் வடக்கு, தெற்கு மாறி மாறி 23 சோடி. ஒன்று மாறி ஒட்டினாலும் ஒவ்வொரு சுற்றிலும் உதறும். ஒட்ட முன் ஒவ்வொன்றின் முகத்திலும் பேனையால் குறி போடுங்கள். சாதாரண உடனொட்டுப் பசை சூட்டில் விட்டுவிடும். சூடு தாங்கும் எப்பொக்சி வேண்டும். பழைய பசையைச் சுரண்டாமல் மேலே ஒட்டுவதுதான் பெரும்பாலான காந்தங்கள் கழன்று விழக் காரணம்.

கே: இலங்கையின் காரீயம் உலகத்திலேயே தூய்மையானது என்று படிக்கிறோம். பிறகேன் பற்றரிக் காரீயத்தைச் சீனா விற்கிறது?
— உயர்தர மாணவி, உடுவில்

ப: போகலவிலும் கஹட்டகஹவிலும் எடுப்பது பாறைப் பிளவில் நரம்பாக ஓடும் காரீயம், தோண்டும்போதே 95 வீதத்துக்கு மேல் காபன் உள்ள கட்டிகள் உண்டு. ஆனால் பற்றரி கேட்பது 99.95 வீதம். அது மட்டுமல்ல, துணிக்கை 10 முதல் 20 மைக்கிரோன் அளவில் உருண்டையாக இருக்கவேண்டும். தட்டையான செதிலை அரைத்து உருட்டும்போது பாதிக்கு மேல் தூளாகக் கழிந்துவிடும். பிறகு ஐதரோபுளோரிக் அமிலத்தில் கழுவுவார்கள். எலும்பு வரை அரிக்கும் அமிலம் அது. கழிவுநீரைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்காமல் விட்டால் ஊருக்கே கேடு. கடைசியாக, கீல் பூசிச் சுட்டு மெல்லிய காபன் தோல் போடவேண்டும். ஒரு யூனிற் பற்றரிக்கு இப்படிச் செய்த காரீயம் ஒரு கிலோ.

சீனாவிடம் ஹெய்லோங்ஜியாங்கில் இயற்கைக் காரீயம் இருக்கிறது. ஆனால் இப்போது பெரும்பகுதி செயற்கை: பெற்றோலியக் கோக்கை 3,000 பாகை அளவில் நாட்கணக்காகச் சூடாக்கிச் செய்வது. அதற்கு மலிவு மின்சாரம் வேண்டும். ஆகவே உள் மொங்கோலியா. 2023 டிசம்பர் 1 இலிருந்து பற்றரித் தரக் காரீயத்துக்கும் ஏற்றுமதி உரிமம் வேண்டும்.

பரீட்சைக்கு உதவும் ஒரு கேள்வியை நீங்களே எழுப்பிப் பாருங்கள்: கனிமம் இருக்கிற நாடு, கனிமத்தைப் பிரிக்கத் தெரிந்த நாடு, இரண்டில் யாரிடம் பேரம் பேசும் பலம்? அருமண்ணில் விடை இன்னும் துலக்கம். லந்தனைட்டு வரிசையின் பதினைந்து மூலகங்களும் இரசாயனக் குணத்தில் ஒன்றையொன்று உரித்து வைத்தவை. அவற்றைப் பிரிக்க, மண்ணெண்ணெயில் கரைத்த ஒரு சேதனச் சேர்வையையும் அமிலக் கரைசலையும் திரும்பத் திரும்பக் கலக்கிப் பிரியவிடவேண்டும். வரிசையில் நூற்றுக்கணக்கான தொட்டிகள். எத்தனை தொட்டி, எந்த ஓட்டவேகம் என்ற கணக்கை 1970களில் ஒழுங்காக வகுத்தவர் பீஜிங் பல்கலைக்கழக இரசாயனவியலாளர் சூ குவாங்சியன். அதற்குப் பிறகுதான் சீன ஆலைகள் மற்றவர்களை விலையில் விழுத்தின. அமெரிக்காவின் மவுண்டன் பாஸ் சுரங்கமே தன் செறிவாக்கிய தாதைப் பிரிக்கச் சீனாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது, 2025 வரை. அந்தப் பிரிப்புத் தொழில்நுட்பத்தை வெளியே கொடுக்கச் சீனா 2023 டிசம்பரில் தடை போட்டது.

கே: எங்கள் பக்கத்துக் கறுப்பு மணலில் அருமண் இருக்கிறதா?
— கொக்கிளாய் வாசகர்

ப: இருக்கிறது, மிகக் கொஞ்சம். புல்மோட்டை மணலில் பெரும்பகுதி இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டேனியமும். பிறகு ரூட்டைல், சேர்க்கன். மொனசைட் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அருமண் இருப்பது அதில்தான். இருப்பதும் பெரும்பாலும் சீரியம், லந்தனம், நியோடைமியம். உலகம் தேடும் டிஸ்புரோசியம் சொற்பம். கூடவே தோரியம் வரும், அது கதிர்த்தொழிற்பாடுள்ளது. அருமண்ணை எடுத்தபின் தோரியக் கழிவை எங்கே வைப்பது என்று முதலில் பதில் சொல்லத் தெரியாத எவரும் அந்த மணலைத் தொடக்கூடாது. இல்மனைட் பெரும்பாலும் வெள்ளைப் பூச்சு நிறப்பொருளாகத்தான் போகிறது, பற்றரிக்கல்ல.

கே: தீவுகளின் மின்திட்டம் சீனாவிடமிருந்து இந்தியாவுக்கு மாறியதால் இனிச் சீனச் சாமான் வராது என்கிறார்களே?
— நெடுந்தீவு வாசகர்

ப: ஒப்பந்தம் மாறியது உண்மை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான திட்டம் 2021 ஜனவரியில் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்டு, இந்தியாவின் பாதுகாப்பு ஆட்சேபத்தால் அந்த ஆண்டிறுதியில் நின்றது. 2024 மார்ச்சில் இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில் பெங்களூர் நிறுவனமொன்றோடு கையெழுத்தானது: சோலர் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், பற்றரி 2,400 யூனிற், துணைக்கு டீசல். ஆனால் உலகத்துப் பற்றரிக் காரீயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவில் பதப்படுவது. பெட்டியில் எந்தக் கொடி ஒட்டினாலும் உள்ளே யிச்சுனும் உள் மொங்கோலியாவும் இருக்க வாய்ப்பு அதிகம். பாதுகாப்பு வேறு கேள்வி, பொருள் வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

கே: வீட்டுக்கு 5 யூனிற் லித்தியம் பற்றரி எடுக்க இருக்கிறேன். பழைய செல்லைப் புதிதென்று விற்பதாகக் கேள்வி. எப்படிப் பிடிப்பது?
— வல்வெட்டித்துறை வாசகர்

ப: சீனாவில் பஸ், கார்களிலிருந்து கழித்த செல்கள் ஏராளம், புதுப் பெட்டிக்குள் அவை வருவதும் உண்டு. முதல் சோதனை தராசு. 51.2 வோல்ட், 100 அம்பியர்மணிப் பெட்டிக்குள் 16 செல். ஒவ்வொன்றும் 2 கிலோ அளவு. செல்கள் மட்டும் 32 கிலோ, கூடும் வயரும் சேர 42 முதல் 50. ஒருவர் 30 கிலோப் பெட்டியைக் காட்டி 5 யூனிற் என்றால் வெளிக்கிடுங்கள்.

இரண்டாவது, கொள்ளளவு. முழுக்க ஏற்றி, சுமை 1,000 வாட் அளவில் வைத்து, அணையும் வரை நேரம் பாருங்கள். இன்வேட்டர் இழப்புப் போக நாலரை மணித்தியாலம் அளவு ஓடவேண்டும். நாலுக்குக் கீழே என்றால் செல் பழையது, அல்லது ஒரு செல் மற்றவற்றை இழுத்து விழுத்துகிறது. பற்றரியின் முகாமைச் சுற்று, அதுதான் பி.எம்.எஸ்., தொலைபேசிச் செயலியில் செல் வோல்ட்டைக் காட்டும். நடு ஏற்றத்தில் இவை ஒன்றாகத்தான் தெரியும், ஏமாறாதீர்கள். முழு ஏற்றத்திலும் அணையும் நேரத்திலும் வித்தியாசத்தைப் பாருங்கள். அணைய முன்பே ஒரு செல் மட்டும் 2.8 க்கு விழ, மற்றவை 3.1 இல் நின்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

மூன்றாவது, பொருத்துபவர் செய்யும் பிழை: இன்வேட்டரை ஈயப் பற்றரி அமைப்பிலேயே விடுவது. ஏற்ற வோல்ட் 56 முதல் 56.8, மிதப்பு (நிறைந்தபின் பிடிக்கும் வோல்ட்) 54, வெட்டு (இறங்கினால் நிறுத்தும் வோல்ட்) 48 அளவில் வையுங்கள். தயாரிப்பாளர் வேறு சொன்னால் அது. சமப்படுத்தல் முறையைக் கட்டாயம் நிறுத்துங்கள். அது 59, 60 க்கு ஏற்றப் பார்க்கும், பி.எம்.எஸ். பட்டென்று வெட்டும், இரவில் காரணம் தெரியாமல் வீடு இருளும்.

இடம்: மேற்குச் சுவர், தகரக் கொட்டில் இரண்டும் ஆகாது. கடற்காற்று ஊருக்கு வெள்ளீயம் பூசிய செம்பு லக் போடுங்கள், மாதம் ஒருமுறை ஒரு மணிநேரம் சுமையில் ஓடியபின் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் ஆணி தளர்ந்திருக்கிறது. தொட முன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றுங்கள்.

கே: வீங்கிப்போன லித்தியம் பற்றரியைப் பழைய இரும்புக்காரர் எடுக்கமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?
— மானிப்பாய் வாசகர்

ப: அவரைக் குறை சொல்லமுடியாது. ஈயப் பற்றரிக்குள் ஈயம் இருக்கிறது, காசு. இரும்புப் பொசுபேற்றுப் பற்றரிக்குள் நிக்கலும் இல்லை, கொபால்ட்டும் இல்லை. அரைத்தெடுக்கும் கறுத்தத் தூளில் பெறுமதியானது லித்தியம் மட்டும். விலை இறங்கிய காலத்தில் அதை எடுப்பதே நட்டம். வாங்கிய கடையே திரும்ப எடுக்கவேண்டும் என்பதை வாங்கும்போதே பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள்.

இப்போதைக்கு: வயரைக் கழற்றி, ஒவ்வொரு முனையையும் தனித்தனியே மின்நாடாவால் மூடுங்கள். குத்தவோ அமத்தவோ ஏற்றவோ வேண்டாம். வீட்டுக்குள்ளும் விறகுக் கொட்டிலிலும் வையாமல், வெளியே நிழலில், மழைபடாத சீமெந்துத் தளத்தில், எரியக்கூடியவற்றிலிருந்து நாலைந்து மீற்றர் தள்ளி வையுங்கள். புகை வந்தால் கிட்டப்போகாதீர்கள், அந்த வாயு நுரையீரலை எரிக்கும். மண் போட்டு மூடுவது சூட்டை உள்ளே அடைக்கும். தூரத்திலிருந்து குழாயால் நிறையத் தண்ணீர் அடித்துக் குளிரவையுங்கள். அணைந்த பிறகும் ஒரு நாள் முழுக்க அதைக் கவனியுங்கள், மறுபடி பற்றும்.